‘சுழன்றும்’ என்று வள்ளுவர் சொன்னது பூமியையா?

வண்ணாரப்பேட்டை வாசகன்:
எங்கள் தெருமுனைச் சுவரில் 1031ஆம் குறளை எழுதி, பக்கத்தில் பூமி உருண்டையை வரைந்திருக்கிறார்கள். ‘சுழன்றும்ஏர்ப் பின்னது உலகம் அதனால் உழந்தும் உழவே தலை.’ பூமி சுழல்வதை வள்ளுவர் போகிற போக்கில் சொல்லிவிட்டாரே!

ராயபுரம் தமிழாசிரியை:
அந்த ‘உம்’மைக் கவனியுங்கள் ஐயா. ‘உழந்தும் உழவே தலை’ என்றால், வருந்தினாலும் உழவே சிறந்தது. ‘சுழன்றும்’ என்பதிலும் அதே உம்தான். பூமி தன்னைத்தானே சுற்றினாலும் ஏருக்குப் பின்னால் என்றால் பொருள் ஒட்டுகிறதா? உழவின் சிரமத்துக்கு அஞ்சி வேறு தொழில்களில் அலைந்தாலும் முடிவில் ஏரின் பின்னேதான். பரிமேலழகர் ‘திரிந்தும்’ என்றே உரை சொல்கிறார்.

வாசகன்:
உரையாசிரியருக்கு அறிவியல் தெரியாதது வள்ளுவர் குற்றமா? உலகம் என்றால் உலகம்தான். ‘ஆதி பகவன் முதற்றே உலகு’ என்பதையும் மாற்றிவிடுவீர்களா?

ஆசிரியை:
நான் மாற்ற வேண்டியதில்லை. அங்கேயும் உலகு என்பது உயிர்களைக் குறித்தது என்றுதான் பரிமேலழகர் எழுதியிருக்கிறார். 777ஆம் குறளையும் பாருங்கள்: ‘சுழலும் இசைவேண்டி’. அங்கே வையத்தைச் சூழ்ந்து நிற்கும் புகழ். புகழ் என்ன, அச்சிலா சுற்றுகிறது?

காசிமேட்டுக்காரன்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் அம்மா விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போய், கூடை தூக்கித் தெருத் தெருவாக விற்று, வந்து சமைப்பார். ‘சுழன்று சுழன்று வேலை செய்கிறாள்’ என்பார் பாட்டி. மணலியில் தொழிற்சாலைக்குப் போகும் என் தம்பிக்குச் சுழற்சி முறையில் பணி. இந்தச் சுழற்சிதான் குறளில் இருப்பதும் என்று எனக்குப் படுகிறது.

வாசகன்:
அப்படியானால் நம்மவர்களுக்குப் பூமி சுழல்வது தெரியவே தெரியாதா?

ஆசிரியை:
அது வேறு கேள்வி. கி.பி. 499இல் ஆரியபட்டர் தெளிவாகவே சொன்னார்: படகில் போகிறவனுக்குக் கரை பின்னால் நகர்வதுபோல, சுழலும் பூமியில் இருப்பவனுக்கு விண்மீன்கள் மேற்கே போவதாகத் தோன்றுகிறது. அறிவியலைச் சொல்ல வந்தவர் அப்படி விளக்குவார். வள்ளுவர் வந்தது உழவைச் சொல்ல.

காசிமேட்டுக்காரன்:
படகு உவமை சரி. விசைப்படகில் கிளம்பும்போது துறைமுகம்தான் நகரும்.

வாசகன்:
அந்த ‘உம்’ விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன், அரைமனதாக. ஆனால் சுவரில் உருண்டைக்குப் பதில் எதை வரைவதாம்?

காசிமேட்டுக்காரன்:
ஏரும் மாடும்தான். வண்ணாரப்பேட்டையில் ஏரைப் பார்த்த ஓவியர் கிடைக்க வேண்டுமே!