மேடைக்கு ஏன் எல்லோரும் மேக் (ஆப்பிள் லேப்டாப்) கொண்டுவருகிறார்கள்? பார்த்ததை எழுதுங்கள்

கீபோர்டு வாசிப்பவர்:
மேக்கில் சவுண்டு நல்லா இருக்கும் என்பது சும்மா பேச்சு. ஒரே இன்டர்ஃபேஸ் (லேப்டாப் ஒலியை ஸ்பீக்கருக்குக் கொண்டுபோகும் பெட்டி), ஒரே பிளக்இன் (வாத்திய ஒலி தரும் சாஃப்ட்வேர்) என்றால் எதில் போட்டாலும் ஒரே சவுண்டுதான். கீயை அழுத்தியதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவில் ஆகிற நேரம்தான் விஷயம். 48 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 சாம்பிள்) பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவையில் சேர்த்து அனுப்பும் சாம்பிள் எண்ணிக்கை, 128 என்றால் 2.7 மில்லிசெகண்ட், 512 என்றால் 10.7. அதற்குமேல் இன்டர்ஃபேஸ் தன் பங்கைச் சேர்க்கும். 512-ல் துரித காலம் வாசித்தால் கை முன்னே போகும், சத்தம் பின்னே வரும். மேக்கில் கோர் ஆடியோ என்கிற ஒலி அமைப்பு சிஸ்டத்தோடே வருவதால் பெரும்பாலான யுஎஸ்பி இன்டர்ஃபேஸைச் செருகினாலே ஓடும், பஃபரையும் தைரியமாகக் குறைக்கலாம். மேடையில் வாசிக்க ஆப்பிள் தரும் மெயின்ஸ்டேஜ் சாஃப்ட்வேர் வேண்டுமென்றால் வேறு வழியே இல்லை, அது மேக்கில் மட்டும்தான்.

ஸ்டுடியோ இன்ஜினியர்:
பாதி பழக்கதோஷமும் உண்டு. 2002-ல் ஆப்பிள் எமாஜிக் கம்பெனியை வாங்கி, அதன் ரெக்கார்டிங் சாஃப்ட்வேரான லாஜிக்கின் விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது. லாஜிக்கை விட முடியாதவர்கள் மேக்குக்குப் போனார்கள்.
விண்டோஸிலும் வேலை நடக்கும். இன்டர்ஃபேஸ் கம்பெனியே தரும் அசியோ டிரைவரை (தாமதத்தைக் குறைக்கும் ஒலி டிரைவர்) போடுங்கள். சத்தம் பட்பட்டென்று வெடித்தால் உடனே பஃபரை ஏற்றாமல், எந்த டிரைவர் தாமதம் செய்கிறது என்று காட்டும் லேட்டன்சிமான் சாஃப்ட்வேரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். அடிக்கடி மாட்டுவது வைஃபை டிரைவர். டிவைஸ் மேனேஜரில் டிஸேபிள் செய்துவிடலாம். பவர் பிளான் ஹை பெர்ஃபார்மன்ஸ், யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் (கரண்டை மிச்சப்படுத்த யுஎஸ்பியைத் தூங்கவைப்பது) ஆஃப். சிபியு 30% காட்டும்போதே ஏன் வெடிக்கிறது என்று கேட்பார்கள். ஏதோ ஒரு டிரைவர் மூன்று மில்லிசெகண்ட் பிராசசரைப் பிடித்துக்கொண்டால் போதும், 128 பஃபர் நேரத்துக்கு நிரம்பாது. சராசரி சிபியு கணக்கில் அது தெரியவே தெரியாது.

இன்னொருவர்:
மேக்காரர்கள் மாட்டுவது அப்டேட்டில். 2019-ல் வந்த கேடலினா என்கிற மேக் சிஸ்டம் பதிப்பு, பழைய 32 பிட் பிளக்இன்களை மொத்தமாக நிறுத்தியது. கச்சேரி சீசனில் ஆட்டோ அப்டேட்டை அணைத்து வையுங்கள். மேக்புக் ஏர் எம்1-ல் ஃபேனே இல்லை. மைக் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்ய அருமை; திறந்தவெளி மேடையில் வெயில் பட்டால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நிழலில் வையுங்கள்.

லைவ் சவுண்டு:
சாம்பிள் ரேட்டையும் (நொடிக்கு எத்தனை சாம்பிள் என்பது) பாருங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் செய்த டிராக், மாற்றப்படாமல் 48 கிளாக்கில் ஓடினால் வேகமும் கூடும், சுருதியும் கிட்டத்தட்ட முக்கால் கட்டை ஏறும். பாடகர் திரும்பி முறைப்பார்.
ஸ்பீக்கரில் இரைச்சல் வந்து, லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றால் கோளாறு கரண்ட் பக்கம். இன்டர்ஃபேஸுக்கும் மிக்சருக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) இடது வலதுக்கு ஒன்றாக இரண்டு போட்டு, அதில் கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். பிளக்கின் எர்த் பின்னைப் பிடுங்குகிற வேலை வேண்டவே வேண்டாம், ஷாக் அடிக்கும்.

கீபோர்டு வாசிப்பவர்:
சரியா சொன்னீங்க. இன்னொன்று: கீபோர்டின் சொந்தப் பியானோவை மிக்சரில் தனிச் சேனலில் போட்டு, ஃபேடரை (சத்தத்தை ஏற்றி இறக்கும் நெம்பை) இறக்கி வையுங்கள், லேப்டாப் நின்றால் ஏற்றிக்கொள்ளலாம். கீயை அழுத்தினால் கீபோர்டின் சொந்த ஒலி வரவைக்கும் லோக்கல் கண்ட்ரோல் ஆனில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கீபோர்டு ஊமைதான்.