புரூட்டஸ் காசு: பூவா, தலையா?

நாணயப்பித்தன்:
கி.மு. 44 தொடக்கத்தில் ஜூலியஸ் சீசரின் முகம் ரோம நகரத்து வெள்ளிக்காசான தெனாரியஸில் வந்தது. அதுவரை அங்கே தெய்வங்களும் செத்துப்போன முன்னோர்களும்தான். உயிரோடு இருந்தவர் யாருக்கும் இடமில்லை. சில காசுகளில் 'நிரந்தர சர்வாதிகாரி' என்ற பட்டம் வேறு. மார்ச் 15-ல் குத்திக் கொன்றார்கள். சரி. ஆனால் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ், 43–42-ல் அதே தெனாரியஸில் தன் தலையைப் போட்டுக்கொண்டாரே! பூப்பக்கம் இரண்டு குத்துவாள், நடுவில் விடுதலையான அடிமை அணியும் தொப்பி, கீழே 'மார்ச் 15' என்பதன் லத்தீன் சுருக்கம். தலைப்பக்கம் மட்டும் சீசர் வழி. இது பித்தலாட்டம் இல்லையா?

வைகைக்கரையான்:
பித்தரே, அது ரோமில் உட்கார்ந்து அடித்த காசு இல்லை. படையோடு நகர்ந்துகொண்டே சிப்பாய்ச் சம்பளத்துக்கு அடித்தது. எதிரணியில் சீசர் கட்சித் தலைவர்களான ஆண்டனி, ஆக்டேவியன், லெப்பிடஸ் மூவர் முகமும் காசில் வந்தாயிற்று. சம்பளம் கொடுப்பவர் யார் என்று சிப்பாய்க்குத் தெரிய வேண்டாமா? பட்டமும் அடக்கமானதுதான்: 'இம்பெராத்தர்', அதாவது வென்ற தளபதி. ராஜாவும் இல்லை, சர்வாதிகாரியும் இல்லை.

நாணயப்பித்தன்:
சீசரைக் கொன்றதில் கூட்டாளியான காசியஸும் புரூட்டஸ் பக்கம் அதே போரில்தான் இருந்தார், அவரும் அதே மாதிரி சம்பளம் கொடுத்தார். அவர் காசில் சுதந்திர தேவியின் தலைதான், தன் முகம் ஒன்றில்கூட இல்லை. அவர் சிப்பாய்கள் வாங்க மாட்டோம் என்றார்களா? இன்னொன்று: கி.மு. 54-ல் நாணய அதிகாரியாக இருந்த இளம் புரூட்டஸ் அச்சிட்டதும் அதே தேவியைத்தான். காசில் ஒரு தலை வந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

கொங்குவாசி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் கோவைப் பக்கப் புதையல்களில் பின்னால் வந்த ரோமப் பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் வெள்ளிக்காசுதான் குவியலாகக் கிடைக்கிறது. கி.பி. 64-ல் பேரரசர் நீரோ எடையையும் வெள்ளியையும் குறைத்த பிறகு வந்த காசு இங்கே அபூர்வம். நம்மாட்கள் மூஞ்சியைப் பார்க்கவில்லை, வெள்ளியைப் பார்த்திருக்கிறார்கள்!

வைகைக்கரையான்:
கொங்குவாசி சொல்வது நல்ல சேதி, ஆனால் அது நூறு வருஷம் தள்ளி. பித்தரே, காசியஸ் விஷயத்தில் மடக்கிவிட்டீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் புரூட்டஸின் தங்கக்காசு ஒன்றைப் பாருங்கள். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் ரோமின் கடைசி ராஜாவை விரட்டிய முன்னோர் லூசியஸ் புரூட்டஸ். 'எங்கள் குடும்பத் தொழிலே இதுதான்' என்கிறார். சீசர் அப்படிச் சொல்லியிருக்க முடியுமா?

நாணயப்பித்தன்:
அந்த முன்னோர் கி.மு. 509-ஐச் சேர்ந்தவர். அப்போது ரோமில் காசு அடிக்கும் வழக்கமே கிடையாது. மனிதர் தப்பித்தார்.