டைவிங் வகுப்பில் மரண வீடியோ: காட்டலாமா?

கம்மனஹள்ளி கார்த்தி
அடுத்த வாரம் முருதேஸ்வர் போய் நேத்ராணி தீவில் டைவ். அதற்கு முன் இந்திராநகர் பக்கம் ஒரு பள்ளியில் தியரி வகுப்பு. நேற்று பயிற்சியாளர் புரொஜெக்டரில் ஒரு வீடியோ போட்டார். எகிப்தின் தஹாப் ஊரில் ப்ளூ ஹோல் என்கிற ஆழமான கடல் குழியில் 2000 ஏப்ரலில் 22 வயது டைவர் ஒருவர் ஒற்றை சிலிண்டர் காற்றோடு இறங்கி, 90 மீட்டருக்கும் கீழே இறந்துபோனார். அவர் கொண்டுபோன கேமராவிலேயே எல்லாம் பதிவாகியிருக்கிறது. கேமரா தாறுமாறாகச் சுற்றுகிறது, தரையில் மண் கிளம்புகிறது, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கிறது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் முன்வரிசையில் இருந்தவர் திரையை போனில் பிடித்து, மண்டையோடு எமோஜி வைத்து ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டிருந்தார். இது சரியா? இங்கே டைவ் பண்ணுகிறவர்கள் இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

ஆழம்40
நான் சொல்லிக்கொடுக்கிறவன். (உங்கள் பள்ளி அல்ல.) நானும் அதைக் காட்டுகிறேன், தொடர்ந்து காட்டுவேன். பொழுதுபோக்கு டைவிங்குக்கு 40 மீட்டர்தான் எல்லை என்று ஸ்லைடில் போட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். படகில் ஏறியதும் "சார், இன்னும் கொஞ்சம் கீழே போலாமா?" என்பார்கள். 30 மீட்டர் தாண்டும்போதே நைட்ரஜன் போதை ஏற ஆரம்பிக்கும், போதையில் இருப்பவனுக்குத் தான் போதையில் இருப்பது தெரியாது. 90 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப் போலப் பத்து மடங்கு. சாதாரணக் காற்றிலேயே அந்த அழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு 2 பாரை (பார் என்பது அழுத்த அளவு) தாண்டிவிடும், 1.6 பாருக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வலிப்பு வரலாம். அந்த ப்ளூ ஹோலில் 55 மீட்டர் வாக்கில் ஒரு பாறை வளைவு இருக்கிறது. தண்ணீர் அவ்வளவு தெளிவு, கை நீட்டினால் எட்டும்போலத் தெரியும். அதை நம்பிப் போய்ச் செத்தவர்களின் பெயர்ப்பலகைகள் கரையில் பாறையில் வரிசையாக இருக்கின்றன. அந்த வீடியோவைப் பார்த்த பிறகு "இன்னும் கொஞ்சம் கீழே" என்று என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.

மல்லிகா ஜெயநகர்
ஆழம்40 சார், நீங்கள் இப்போது எழுதியதைப் படித்ததிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. அப்புறம் ஒருவர் உயிர் போவதை எதற்குப் பார்க்க வேண்டும்? அமெரிக்காவில் விமானம் விழுந்தால் விசாரணை நடத்தும் என்டிஎஸ்பி, காக்பிட்டில் பதிவான குரலை வெளியிடுவதில்லை. சட்டமே தடுக்கிறது. பேச்சை எழுதித்தான் தருகிறார்கள். அதனால் விமானிகள் பாடம் படிக்காமல் போய்விட்டார்களா?

ஆழம்40
அக்கா, எழுத்தில் வராத விஷயமும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் போஸ்மன்ஸ்காட் என்று தண்ணீர் நிறைந்த, சுமார் 270 மீட்டர் ஆழக் குழி. அதன் அடியில் பத்து வருடமாகக் கிடந்த ஓர் இளைஞரின் உடலை மீட்க, 2005 ஜனவரியில் டேவ் ஷா என்ற டைவர் இறங்கினார். மேலே வரவில்லை. அவர் ஹெல்மெட்டில் கேமரா இருந்தது. அந்தப் பதிவையும் அதில் கேட்கும் மூச்சையும் வைத்துத்தான் மருத்துவர்கள் காரணத்தைப் பிடித்தார்கள். அந்த ஆழத்தில் வாயு கனத்துவிடும், வேலை செய்யச் செய்ய கரியமில வாயுவை வெளியே தள்ள நுரையீரலால் முடியாது. ரீப்ரீதர் (விட்ட மூச்சையே சுத்தப்படுத்தித் திரும்பத் தரும் கருவி) ஓட்டுகிறவர்கள் இன்று வாயு அடர்த்தியைக் கணக்குப் போடுவதற்கு அந்த மரணமும் ஒரு காரணம். வீடியோவை யாரும் தொடக்கூடாது என்று பூட்டியிருந்தால்?

மல்லிகா ஜெயநகர்
பூட்டச் சொல்லவில்லையே. மருத்துவர்கள் பார்த்தார்கள், ஆராய்ந்து கட்டுரை எழுதினார்கள். உங்கள் மாணவர்கள் படிக்க வேண்டியது அந்தக் கட்டுரையை. போஸ்ட்மார்ட்டம் அறை வேண்டும்தான், அதற்காக எம்ஜி ரோட்டில் கண்ணாடிச் சுவர் வைத்துக் கட்டுவார்களா?

பழைய வக்கீல்
சட்டம் உதவாது என்பதை மட்டும் சொல்லிப் போகிறேன். ஜெயலலிதா வாழ்க்கைக் கதை வழக்கில் 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், ஒருவர் இறந்ததும் அவரது அந்தரங்க உரிமையும் முடிந்துவிடுகிறது, வாரிசுக்கு வராது என்றது. ரத்தமும் பிணமும் காட்டாதீர்கள் என்று 2023 ஜனவரியில் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விடுத்த அறிவுரை டிவி சேனல்களுக்கானது. வகுப்பறை புரொஜெக்டருக்கு எதுவும் இல்லை. உங்கள் மனசாட்சிதான்.

சங்கமா செல்வம்
எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சித்தப்பா மகன் மேகதாது பக்கம் காவிரியில் மூழ்கிப் போனான். போலீஸிலிருந்து போன் வருவதற்கு முன்னால் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோ வந்துவிட்டது. "பெற்றோர்களே உஷார், அதிகம் பகிரவும்" என்று மேலே எழுதியிருந்தார்கள். சித்தி குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே அதைத் திறந்திருக்கிறார். முகம் தெரியவில்லை. தீபாவளிக்கு எடுத்த மஞ்சள் டீஷர்ட் தெரிந்தது.

ஆனால் மல்லிகா அக்கா முழுக்கச் சரி என்றும் சொல்ல மாட்டேன். சில மாதம் கழித்து சித்தப்பாவே அந்த வீடியோவை அவன் கல்லூரியில் போட்டுக் காட்டச் சொன்னார். பாறையில் நின்று போஸ் கொடுப்பது, பாசியில் கால் வழுக்குவது, அதோடு நிறுத்திவிட வேண்டும். தண்ணீரில் அவன் தத்தளிப்பது யார் கண்ணிலும் படக்கூடாது. எங்கே வெட்ட வேண்டும் என்பதை அவரே உட்கார்ந்து பார்த்துச் சொன்னார். பக்கத்தில் உட்கார எங்கள் யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஆழம்40
செல்வம், படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுத முடியவில்லை. ஆனால் தஹாப் பையன் வீட்டில் நான் யாரைப் போய்க் கேட்பது? வருடக்கணக்காக இணையத்தில் கிடக்கிறது. நான் நிறுத்தினால் மாணவர்கள் வீட்டுக்குப் போய், கீழே ஓடும் கேலி கமெண்டுகளோடு சேர்த்து அதையே பார்ப்பார்கள். என் வகுப்பில் விளக்கத்தோடாவது பார்க்கட்டுமே.

மல்லிகா ஜெயநகர்
அவன் அம்மா கேட்டுக்கொண்டதால் உடலை மேலே கொண்டுவந்தவர் தாரிக் உமர் என்ற டைவர். கேமராவைப் போட்டுப் பார்த்தபோது அம்மாவும் பக்கத்தில் இருந்தாராம். இந்தக் காட்சி காலத்துக்கும் அந்த அம்மாவோடு இருக்கப்போகிறதே என்று தாரிக் பிற்பாடு வருத்தப்பட்டுச் சொன்னார். எத்தனையோ உடல்களை மேலே கொண்டுவந்த மனிதர் சொன்னது இது. கேட்க ஆள் இல்லை என்றால் சம்மதம் என்று ஆகிவிடுமா? ஊரில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள், நானும் காட்டுகிறேன் என்பதைத்தானே அந்த வாட்ஸ்அப் குரூப்பும் சொல்லும்?

கம்மனஹள்ளி கார்த்தி
இன்று பயிற்சியாளரிடம் பேசினேன். இனி வகுப்பில் போன் கிடையாது என்றார். வீடியோவை வகுப்பிலிருந்து நீக்க மாட்டாராம்.

ஆழம்40
போனை நானும் வாசலிலேயே வாங்கி வைக்கப்போகிறேன். டைவ் கம்ப்யூட்டரில் (கையில் கட்டும் ஆழமானி) ஆழம் ஏறிக்கொண்டே போகும் இடம் வரை காட்டிவிட்டு நிறுத்திவிடுகிறேன். செல்வத்தின் சித்தப்பா நிறுத்தியதைப் போல. மிச்சத்தை வாயால் சொல்கிறேன். இதற்கு மேல் இறங்கி வர மாட்டேன் அக்கா.

மல்லிகா ஜெயநகர்
சித்தப்பா நிறுத்தியது அவர் பிள்ளையின் வீடியோவை. சரி, என் தங்கை மகன் டிசம்பர் பேட்ச்சில் சேர்கிறான், உங்கள் பள்ளியாகக்கூட இருக்கலாம். போடுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேண்டாம் என்கிறவர்கள் எழுந்து வெளியே வந்துவிடட்டும்.

ஆழம்40
சொல்கிறேன். ஆனால் வெளியே போகிறவர்களுக்கு நைட்ரஜன் கேள்விகள் இரண்டு கூடுதலாக இருக்கும்.