டெர்மினேட்டர் 2: சின்ன வயசுல பார்த்ததும் இப்போ பார்க்கறதும்

ஊருக்கு ஒருத்தரா எழுதினது.

கும்பகோணம்

மறுபடி பார்க்க உட்கார்றவங்க எல்லாரும் முதல்ல கேட்கிறது, "அந்த வெள்ளி உருகற கிராஃபிக்ஸ் இப்பவும் தாங்குதா?" தாங்குது. ஏன்னா நாம நினைச்சுக்கிட்டிருந்த அளவுக்கு அதுல கிராஃபிக்ஸே கிடையாது. 137 நிமிஷப் படத்துல டி-1000ஐ, அதாவது உருகி உருமாறுற வில்லன் ரோபோவை, கம்ப்யூட்டர்ல உருவாக்கின பகுதி மொத்தமா சுமார் 5 நிமிஷம்தான். மிச்சம் பெரும்பாலும் எஃபெக்ட்ஸ் கலைஞர் ஸ்டான் வின்ஸ்டன் பட்டறையில செஞ்ச பொம்மையும் ரப்பரும்.

குண்டு பட்டதும் மார்புல வெள்ளிப்பூ விரியுதே, அது ஸ்பிரிங் வச்ச இதழ். மேல பளபளன்னு உலோகப் பூச்சு. யூனிஃபார்ம் துணியை முன்கூட்டியே கீறி வச்சிருப்பாங்க, விசையை விட்டதும் இதழ் துணியைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வரும். சட்டைமேல நிஜமாவே லைட் அடிச்சு எடுத்ததால 1991 படம்னே தெரியாது.

மருத்துவமனை காபி மிஷின் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்க. கட்டம் போட்ட தரையிலேர்ந்து எழும்புறது கம்ப்யூட்டர். காவலாளியோட முகம் தெளிவா வந்ததுக்கப்புறம் நிக்கிறது நிஜ ஆள். அசலும் நகலும் எதிரெதிரே நிக்கறப்போ இரட்டைச் சகோதரர்கள், டான் ஸ்டான்டனும் டேன் ஸ்டான்டனும். கடைசியில ரெண்டு சாரா தெரியற ஷாட்டுக்கும், சாராவா நடிச்ச லிண்டா ஹாமில்டனோட இரட்டைச் சகோதரி லெஸ்லியைத்தான் நிறுத்தினாங்க. செலவே இல்லாத ஸ்பெஷல் எஃபெக்ட்!

மயிலாடுதுறை

கும்பகோணம் அண்ணன் வாய்க்காலை விட்டுட்டாரே. நம்ம பக்கத்துப் பிள்ளைங்களுக்கு அந்த லாரித் துரத்தல்தான் பெரிய புதிர்: இவ்வளவு பெரிய வாய்க்கால், சொட்டுத் தண்ணி இல்ல, இதை எதுக்கு வெட்டினாங்க? அது பாசன வாய்க்கால் இல்ல. லாஸ் ஏஞ்சலஸ்ல மழை வெள்ளத்தைக் கடலுக்கு விரட்டக் கட்டின சிமென்ட் வடிகால். மத்த நாள்ல காஞ்சுதான் கிடக்கும்.

இப்போ பார்த்தா கண்ணுல படுறது மூணு. லாரி பாலத்துலேர்ந்து குதிச்சு விழறப்போ முன்கண்ணாடி கழண்டு போகும், அடுத்த ஷாட்ல மறுபடி இருக்கும், கொஞ்ச நேரத்துல டி-1000 அதையே கையால தட்டித் தள்ளும். ரெண்டாவது, ஹார்லி குதிக்கறது. அந்த பைக்கோட எடையைத் தாங்கினது மேலேர்ந்து கட்டின கம்பி. கம்பியை அப்புறம் கம்ப்யூட்டர்ல அழிச்சாங்க. குதிக்கறது டூப். 2017 மறுவெளியீட்டுல டூப் முகத்துமேல அர்னால்டு முகத்தை ஒட்டியிருக்காங்க. மூணாவது, லாரியோட கூரை பாலத்துல இடிச்சுப் பிய்யறது. லாரி பாலத்துக்கடியில நுழையற உயரத்துல இல்ல, அதனால அதையே காட்சியா ஆக்கிட்டாங்க. நல்ல மூளை.

பின்னால மேம்பாலத்துக்கு அடியில ஹெலிகாப்டர் பறக்குதே, அது பொம்மை இல்ல. நிஜமாவே ஓட்டினாங்க.

மன்னார்குடி

கேள்வி, எந்தப் பிரதியைப் பார்க்கறது. ரெண்டு பேரும் அதைச் சொல்லல.

இந்தப் படம் சூப்பர் 35 முறையில எடுத்தது. நெகட்டிவ்ல மேலயும் கீழயும் படம் கூடுதலாப் பதிவாகும், தியேட்டர் பிரிண்டுக்கு நடுவுல அகலமா வெட்டி ஸ்கோப் ஆக்குவாங்க. வீடியோ கேசட்டுக்கு அந்த மேல் கீழ் பகுதியைத் திறந்துவிட்டு டிவி சதுரத்துக்கு ஏத்தாப்புல மாத்தினாங்க. ஆனா கிராஃபிக்ஸ் ஷாட்டுக்குப் பொதுவா மேல் கீழ் கூடுதல் இருக்காது, அதனால அங்க மட்டும் பக்கவாட்டை வெட்டியாகணும். டெக்கு வாடகைக்கு எடுத்துப் பார்த்தவங்களுக்கு ஒரு ஷாட் தாராளமாவும் அடுத்தது நெருக்கியடிச்சும் இருந்தது இதனாலதான். கொட்டகையில பார்த்தவங்களுக்கு வேற கோளாறு: திரை அகலம் பத்தலைன்னா ஓரம் சுவத்துல போய் விழும்.

4கே டிஸ்க் வேணாம்னுதான் நான் சொல்லுவேன். 2017ல 3டி வெளியீட்டுக்காகத் தயாரிச்ச அந்தப் பிரதியில ஃபிலிம் மணலை (படத்துல தெரியற பொடிப்புள்ளி, கிரெய்ன்) துடைக்கறேன்னு தோலையும் துடைச்சிட்டாங்க. அர்னால்டு முகம் மெழுகு, நிறம் நீலப்பச்சைப் பக்கம் சாயுது. பழைய ப்ளூரே தேவலாம்.

முதல் தடவை திரும்பப் பார்க்கறவங்க 137 நிமிஷப் பதிப்பையே பாருங்க. ஸ்பெஷல் எடிஷன்ல கால் மணி நேரத்துக்கு மேல கூடுதல். அதுல அர்னால்டு ரோபோவோட தலையைத் திறந்து சிப்பை எடுக்கற காட்சி அருமை. கண்ணாடி மாதிரி தெரியறது வெறும் ஓட்டை. இந்தப்பக்கம் பொம்மைத் தலையும் லெஸ்லியும், அந்தப்பக்கம் நிஜ அர்னால்டும் லிண்டாவும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல கையை அசைக்கணும். மத்தபடி, முதல் பாகத்துல செத்துப்போன சாராவோட காதலன் கைல் ரீஸ் வர்ற கனவு வேகத்தைக் கெடுக்குது.

திருவாரூர்

டிவி செட்டிங் சொல்லிடறேன். மோஷன் ஸ்மூத்திங் ஆஃப், இல்லேன்னா சீரியல் மாதிரி தெரியும். ஷார்ப்னஸ் கிட்டத்தட்ட பூஜ்யம். பிக்சர் மோடு சினிமா. படத்தோட ஓரத்தை வெட்டற ஓவர்ஸ்கேன் இருந்தா நிறுத்துங்க.

கறுப்புப் பட்டையைப் பார்த்து ஜூம் பண்ணாதீங்க. 43 இஞ்ச் டிவியில ஸ்கோப் படம் 95 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம்தான் வரும். திரையில கால்வாசி சும்மா கிடக்கும். அதனால அஞ்சடிக்குள்ள நாற்காலியைப் போடுங்க. ஐப்பசி மழையில இடி தொடங்கறதுக்கு முன்னயே டிவி பிளக்கோட டிஷ் ஒயரையும் சேர்த்துக் கழட்டுங்க, ஒயர் வழியாவும் மின்னல் வரும்.

சத்தம்: டி-1000 கம்பிக்கதவுக்குள்ள புகுந்து வர்றப்போ ஒரு வழுக்கல் கேட்கும். டின்ல அடைச்ச நாய்த்தீனி மெல்ல வழுக்கி விழற சத்தம் அது. சவுண்டு டிசைனர் கேரி ரைட்ஸ்ட்ராம் கைவேலை. டிவி ஸ்பீக்கர்ல காணாமப் போயிடும், ஹெட்போன் போடுங்க.

வேதாரண்யம்

பழைய கேசட் வச்சிருக்கவங்களுக்கு. கடலோரக் காத்துல டேப் ஓரத்துல வெள்ளைப் பூஞ்சை பூத்திருக்கும், கேசட்டோட ஜன்னல் வழியாப் பார்த்தாலே தெரியும். அதை அப்படியே டெக்குல போட்டா ஹெட்டு அடைக்கும், அடுத்து போடற நல்ல கேசட்டுக்கும் தொத்தும். முதல்ல சிலிகா ஜெல் பொட்டலத்தோட இறுக்கமான டப்பாவில சில நாள் வைங்க. கேசட்டோட பின்பக்கம் 5 ஸ்க்ரூ, கழட்டி, நூல் உதிராத துணியில 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு டேப் சுருளோட ஓரத்தைத் துடைங்க. மாஸ்க் போட்டுக்கிட்டு, வீட்டுக்கு வெளியில. நல்லாக் காஞ்சப்புறம் ஒரு தடவை முழுசா முன்னயும் பின்னயும் ஓட்டிட்டுதான் பிளே.

தஞ்சாவூர்

தம்பி, கேசட் காப்பாத்தினப்புறம் ஒண்ணு இருக்கு. நம்ம ஊர் கேசட், விசிடி, டிவி எல்லாம் அப்போ PAL-ங்கற டிவி முறை. விநாடிக்கு 24 ஃபிரேம்ல எடுத்த படத்தை 25ல ஓட்டுவாங்க. 137 நிமிஷம் 131 சொச்சமா ஆயிடும், குரலோட சுருதியும் சுமார் நாலு சதவீதம் ஏறிடும். அர்னால்டு குரல் அப்போ லேசாக் கீச்சுன்னு இருந்ததுக்குக் காரணம் இதான்.

டிவியில பதிவு பண்ணின டப்பிங் ஆடியோவை ப்ளூரே படத்தோட சேர்த்து வீட்டுல பார்க்கணும்னா, ஆடாசிட்டிங்கற ஆடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல சேஞ்ச் ஸ்பீடு (புதுப் பதிப்புல சேஞ்ச் ஸ்பீடு அண்ட் பிட்ச்) போய் மைனஸ் 4.096 சதவீதம் குடுங்க. டெம்போ மட்டும் மாத்தாதீங்க, சுருதியும் சேர்ந்து இறங்கணும். இதைச் செய்யலைன்னா நிமிஷத்துக்கு ரெண்டரை விநாடி நழுவும். விளம்பர இடைவெளியில வெட்டின இடத்தை வாயசைவு பார்த்து ஒட்ட வேணாம், டப்பிங்ல அது பொருந்தாது. துப்பாக்கிச் சத்தம், கதவு சாத்தற சத்தத்தை வச்சு ஒட்டுங்க.

பிள்ளைங்களோட பார்க்கறவங்க மூணு இடத்துல ரிமோட்டைக் கையில வச்சுக்கங்க: பால் அட்டைப்பெட்டியைத் துளைச்சுக்கிட்டுப் போற வாள், விளையாட்டுத் திடல்ல அணுகுண்டுக் கனவு, விஞ்ஞானி டைசன் வீட்டுல அர்னால்டு தன் கைத்தோலை உரிக்கறது. கேபிள்ல இதையெல்லாம் வெட்டிட்டுப் போட்டிருந்தா, உங்களுக்கே இது புதுசாத்தான் இருக்கும்.