முருகைக்கல் (பவளப்பாறை) உயிர் என்று சின்னப் பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்பிக்கலாம்?

கரையோர ரீச்சர்:
யாழ்ப்பாணத்தில் சனிக்கிழமைகளில் தரம் 4, 5 பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். எல்லாரும் கடற்கரைப் பிள்ளைகள். முருகைக்கல்லைச் சுண்ணாம்புக்கு எரித்த கதை வீட்டில் கேட்டிருக்கிறார்கள். ஆனால் அது உயிர் என்றால் நம்புகிறார்கள் இல்லை. "கல் எப்படி ரீச்சர் சாப்பிடும்?" என்று ஒருத்தி கேட்டாள். படம் கீறச் சொன்னால் "கடலைக் காப்போம்" என்று எழுதி இரண்டு மீன் கீறித் தருகிறார்கள். சித்திரமும் விஞ்ஞானமும் சேர்த்துச் செய்வித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நெடுந்தீவான்:
ரீச்சர், அந்தப் பிள்ளையின் கேள்வியிலேயே தொடங்குங்கள். எங்கள் நெடுந்தீவில் மதில்கள் முருகைக்கல்லால் அடுக்கியவை. கிட்டப் போய்ப் பார்த்தால் கல் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். தாளை வைத்துப் பென்சிலால் உரசச் சொல்லுங்கள், பூப்பூவாகப் படியும். ஒவ்வொரு பூவும் ஓர் உயிர் இருந்த வீடு. அந்த உயிர் சொறிமுட்டைக்கு (ஜெலிமீனுக்கு) உறவு: சின்னப் பை மாதிரி உடம்பு, மேலே வாய், வாயைச் சுற்றிக் கொட்டுகிற விரல்கள். இரவில் அந்த விரல்களால் இரை பிடிக்கும். பகலில் அதன் உடம்புக்குள் இருக்கும் பாசி வெயிலில் சாப்பாடு செய்து கொடுக்கும்.

நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசியால்தான். கடல் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு பாகை கூடச் சூடாகிச் சில கிழமை அப்படியே நின்றால் பாசி வெளியேறிவிடும், வெள்ளை எலும்பு தெரியும். 1998இல் தெற்கே ஹிக்கடுவைக் கடலில் இப்படி வெளுத்துத்தான் முருகைக்கல்லில் பெரும்பகுதி செத்தது.

இதைக் கையால் செய்விக்கலாம். கோதுமை மாவும் உப்பும் குழைத்து முருகைக்கல் செய்து காயவிட்டு, பட்டம் ஒட்டுகிற நிறத்தாளைக் கிழித்து நுனியில் மட்டும் பசை வைத்து ஒட்டுங்கள், அந்தத் தாள்தான் பாசி. "சூடு!" என்றதும் தாள்களைப் பிய்க்க வேண்டும். அத்தோடு விடாதீர்கள். வெளுத்தது எல்லாம் செத்தது அல்ல, சூடு கெதியாகத் தணிந்தால் பாசி திரும்பி வரும். தாளைத் திரும்ப ஒட்டுவிக்க நேரம் வையுங்கள். எல்லாம் முடிந்தது என்ற எண்ணத்தோடு பத்து வயதுப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

நூலும் ஊசியும்:
குரோஷேயும் (கொக்கி ஊசியால் நூல் பின்னுவது) பொருந்தும். மார்கரெட், கிறிஸ்டீன் வேர்த்தைம் என்ற சகோதரிகள் 2005இல் லொஸ் ஏஞ்சலிசில் முருகைக்கல் பின்னத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் விளிம்பு தானாகச் சுருண்டு மடியும். உண்மையான முருகைக்கல்லிலும் இப்படி மடிப்பு உண்டு: சின்ன இடத்துக்குள் நிறையப் பரப்பு, அதனால் வெயிலும் இரையும் கூடக் கிடைக்கும். பின்னத் தெரிந்த அம்மம்மாக்களை வகுப்புக்குக் கூப்பிடுங்கள்.

கரையோர ரீச்சர்:
மிக்க நன்றி. மதில் பார்க்கவே கூட்டிக்கொண்டு வர நினைக்கிறேன் அண்ணா. எப்போது நல்லது?

நெடுந்தீவான்:
சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கமுதல் வாருங்கள், மாசி பங்குனி என்றால் நல்லது. குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஒரு மணித்தியாலக் கடல், மிதவைச் சட்டை எல்லாருக்கும் இருக்கிறதா என்று பார்த்து ஏற்றுங்கள். உரசுவதற்கு மெல்லிய தாள் கொண்டு வாருங்கள், கொப்பித் தாளில் அவ்வளவு தெளிவாகப் படியாது.