ஜெஸ்ஸி ஓவன்ஸின் பிற்கால வாழ்க்கை பற்றி ஏதாவது படம் இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. எங்கள் பள்ளியின் தடகளப் பிள்ளைகளுக்கு, ஜெஸ்ஸி ஓவன்ஸ் பற்றி 2016இல் வந்த 'ரேஸ்' படத்தைப் போட்டுக் காட்டலாம் என்று இருக்கிறேன். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில், நாஜிகளின் கோட்டைக்குள்ளேயே போய் 4 தங்கம் வாங்கிய கறுப்பின வீரர்: 100 மீட்டர், 200 மீட்டர், நீளம் தாண்டுதல், தொடர் ஓட்டம். அதெல்லாம் படத்தில் நன்றாகவே வருகிறது.

எனக்கு வேண்டியது அதற்கு அப்புறம் நடந்தது. ஜெயித்து வந்தவரை அதிபர் ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகைக்கு அழைக்கவே இல்லை. நியூயார்க்கில் அவருக்காகவே நடந்த வரவேற்புக்கு அவர் சரக்கு லிஃப்டில் ஏறிப் போக வேண்டியிருந்தது. பிழைப்புக்காகக் குதிரைகளோடு எல்லாம் பந்தயம் ஓடியிருக்கிறார்! ஹிட்லரை மட்டும் வில்லனாக்கினால், என்னைக் கேட்டால், கதை பாதிதான்.

இந்தக் காலத்தைச் சொல்லும் ஆவணப்படம் ஏதாவது தெரியுமா? ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் நல்லது. தமிழ் சப்டைட்டில் இருந்தால் இன்னும் நல்லது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அமெரிக்க உச்சரிப்பில் திணறுவார்கள். அப்புறம், இனவெறி வசைகள் வரும் காட்சிகளுக்கு முன்னால் பிள்ளைகளிடம் என்ன சொல்லி வைப்பீர்கள்? ஆசிரியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.