பதில்: மலக்குடல் இறக்கமா, தள்ளலா? கூடவே ‘ஏற்றுகட்டு’ என்ற சொல்லும்

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ‘ரெக்டல் ப்ரொலாப்ஸ்’ என்ற நோய்க்கு, அதாவது மலக்குடல் ஆசனவாய் வழியாக வெளியே வந்துவிடுவதற்கு, தமிழில் ஒரே ஒரு சொல் கேட்டிருந்தேன். 11 மடல்கள் வந்துவிட்டன. இரவுப் பணி முடிந்து வந்து எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். தனித்தனியாக எழுத நேரமில்லை, அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. 22 ஆண்டுகளாக அறுவை சிகிச்சை வார்டில் செவிலியர் வேலை. வார்டுக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள். ஒப்புதல் தாளோ மலையாளத்தில் இருக்கும். அதைத் தமிழில் சொல்லிப் புரியவைத்துக் கையெழுத்து வாங்குவது எங்களைப் போன்றவர்கள் வேலை. ரெக்டல் ப்ரொலாப்ஸ் நோய்க்கு என்னென்ன ஆபரேஷன் உண்டு, எது யாருக்கு என்று தமிழில் 4 பக்கத் தாள் ஒன்று எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். சொல் கேட்டது அதற்காகத்தான்.

> ‘மலக்குடல் இறக்கம்’ என்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதை ஏன் மாற்ற வேண்டும்?

இந்தக் கேள்வியை மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். காரணம் ஒரு பாட்டி. வேலந்தாவளம் பக்கத்திலிருந்து வந்தவர், 70 வயதுக்கு மேல். வேறொரு ஆஸ்பத்திரியில் யாரோ ‘குடல் இறங்கியிருக்கு’ என்று தமிழில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் குடலிறக்கம் என்றால் ஹெர்னியா, வேறு பொருள் கிடையாது. பாட்டியின் வீட்டுக்காரருக்கும் அது இருந்திருக்கிறது. அவர் கட்டிய ஹெர்னியா பெல்ட்டை எடுத்து இவர் 8 மாதம் இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். நான் சேலையைத் தளர்த்தச் சொன்னபோது பெல்ட் பதிந்த இடத்தில் தோல் கறுத்துத் தடித்திருந்தது. “கட்டியும் நிக்கல கண்ணு, வெளிக்குப் போனா அடி தள்ளிருது” என்றார். சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். குடல் வெளியே வரும் இடம் ஒன்று, அவர் 8 மாதம் இறுக்கிக் கட்டியது வேறு ஓர் இடத்தில். ஒரே சொல் இரண்டு நோய்க்கும் நின்றதால் வந்த வினை இது. ‘மலக்’ என்று முன்னால் ஒட்டினால் வேறுபாடு தெரியும் என்று நாம் நினைக்கலாம். வார்டு இரைச்சலில் காதில் விழுவது ‘குடலிறக்கம்’ மட்டும்தான்.

> இதுவும் ஒருவகை ஹெர்னியாதானே? பொதுச்சொல் பொருந்தும்.

மதுரை மருத்துவர் ஐயா எழுதியது இது. ஐயா சொல்வதற்கு வரலாறு உண்டு. 1912இல் மாஸ்கோவிட்ஸ் என்ற அறுவை மருத்துவர் இதை இடுப்புத்தளத்து (இடுப்பின் அடியைத் தாங்கும் தசைகள்) வழியாக வழுக்கி வரும் ஹெர்னியா என்றுதான் விளக்கினார். ஆனால் 1968இல் புரோடனும் ஸ்னெல்மனும் மலக்குடலை ஓடும் எக்ஸ்ரே படமாக எடுத்துப் பார்த்தார்கள். குடலின் மேல்பகுதி முதலில் தன் உள்ளேயே செருகிக்கொண்டு, அப்படியே மடிந்து கீழே வருவது அதில் தெரிந்தது. முழுக்கைச் சட்டையைக் கழற்றும்போது கை உள்பக்கமாகத் திரும்பி வருமே, அதே மாதிரி. ஆகவே தொடக்க நிலைக்கு ‘உட்செருகல்’, வெளியே வந்துவிட்ட நிலைக்கு வேறு சொல் என்று பிரித்துக்கொள்வது நல்லது. இரண்டிலும் இறக்கம் வேண்டாம்.

பாலக்காட்டு ஆயுர்வேத நண்பர் ‘குதப்பிரம்சம்’ என்கிறார். சுசுருத சங்கிதையிலேயே உள்ள சொல், மலையாளத்திலும் அதுவே, எல்லையோரத்துக்கு வசதி என்பது அவர் வாதம். மருத்துவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வசதிதான். நோயாளிக்கு ரெக்டல் ப்ரொலாப்ஸ் எவ்வளவு தூரமோ இதுவும் அவ்வளவு தூரம். ‘மூலம் வெளியே வருதல்’ என்பதையும் விட்டுவிடுவோம். வருகிறவர்கள் எல்லாருமே “மூலம்” என்று சொல்லித்தான் வருகிறார்கள், பலர் அதற்கு மருந்து தின்று ஆண்டுக்கணக்கில் வீணாக்கியிருக்கிறார்கள். பார்த்தாலே வேறுபாடு தெரியும்: மூலம் சுளை சுளையாகப் பிரிந்து நிற்கும், மலக்குடல் முழுதாக வந்தால் வளையம் வளையமாக மடிப்பு இருக்கும். பெயரிலும் அந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

சரி, என் பரிந்துரை ‘தள்ளல்’. மலக்குடல் தள்ளல்.

> ‘தள்ளு’ செயப்படுபொருள் குன்றாத வினை. யார் எதைத் தள்ளுகிறார்கள்? குடல் தானாக வருவதற்கு இது பொருந்தாது.

செங்கோட்டை ஆசிரியர் ஐயாவின் இந்தக் கேள்வியால்தான் இரண்டு நாள் யோசித்தேன். வண்டியைத் தள்ளு, கதவைத் தள்ளு என்னும்போது ஐயா சொல்வது சரி. ஆனால் உடம்பைப் பற்றிப் பேசும்போது நம் பேச்சு வேறு மாதிரி இருக்கிறது. பல் முன்னால் தள்ளியிருக்கிறது என்கிறோம். வேலை செய்து நாக்குத் தள்ளிவிட்டது, விலையைக் கேட்டதும் கண் தள்ளிவிட்டது, வயிறு தள்ளியிருக்கிறது. இவற்றில் எதையும் யாரும் தள்ளவில்லை. உறுப்பு தன் இடத்தை விட்டு முன்னே பிதுங்கி வருவதைத்தான் அந்த வினை சொல்கிறது. கன்று போட்ட மாட்டுக்கு ‘உறுப்பு தள்ளிருச்சு’ என்று எங்கள் ஊரில் சின்னப் பையனும் சொல்வான். அந்தப் பாட்டி சொன்னதும் இதே வினைதான். நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, இருப்பதை எடுத்து ஏட்டில் ஏற்றினால் போதும்.

ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ‘அடி தள்ளுது’ என்று பெண்கள் சொன்னால் கருப்பையா மலக்குடலா என்று தெரியாது. சிலருக்கு இரண்டும் சேர்ந்தே வரும். எனவே உறுப்பின் பெயரைச் சேர்த்தே எழுத வேண்டும்: மலக்குடல் தள்ளல், கருப்பை தள்ளல். இதில் ‘கருப்பைத் தள்ளல்’ என்று ஒற்று மிகுந்தால் யாரோ கருப்பையைத் தள்ளுவதாகப் பொருள் மாறிவிடும். ‘மலக்குடற்றள்ளல்’ என்று புணர்த்தவும் வேண்டாம் ஐயா. இலக்கணப்படி சரியாகவே இருக்கலாம், ஆனால் இந்தத் தாளைப் படுக்கை ஓரத்தில் நின்று வாய்விட்டுப் படிக்கப் போகிறோம்.

(மலையாளப் பையன்களிடம் ‘தள்ளு’ என்றால் வீண்பெருமை அடிப்பது என்று ஒரு தங்கை நினைவூட்டியிருந்தார். எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளும் அப்படிப் பேசுகிறார்கள்தான். நோயாளியிடம் பேசும்போது யாருக்கும் அந்தப் பொருள் தோன்றாது.)

அடுத்து ஆபரேஷன் பெயர்கள். எனக்கு அதிக அக்கறை இதில்தான், ஏனென்றால் நோயாளி கையெழுத்துப் போடுவது இதற்கு.

ரெக்டோபெக்சி என்பது வயிற்று வழியாகப் போய், மலக்குடலை மேலே இழுத்து, பின்னால் முதுகெலும்பின் அடியில் உள்ள திரிக எலும்பில் நிலையாகப் பிடித்து வைப்பது. ‘மலக்குடல் பொருத்தல்’ என்று இருவர் தந்திருந்தீர்கள். பொருத்தல் என்றால் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைப்பதாகப் படுகிறது. சிறுநீரகம் பொருத்துகிறோம், பல் பொருத்துகிறோம். ‘நிலைநிறுத்தம்’ நல்ல சொல், ஆனால் மேலே தூக்குவது அதில் இல்லை.

எங்கள் பக்கம் தென்னையில் குலை கனத்துத் தண்டு ஒடிகிற மாதிரி இருந்தால், மேல்மட்டைக்குக் கயிறு போட்டு ஏற்றிக் கட்டுவார்கள். பாகற்கொடியையும் பந்தலுக்கு ஏற்றிக் கட்டுவார்கள். இறங்கித் தொங்குவதை மேலே தூக்கி, உறுதியான ஒன்றோடு கட்டுவது. ரெக்டோபெக்சியில் நடப்பதும் அச்சு அசலாக அதுவே. அதனால் ‘ஏற்றுகட்டு’ என்கிறேன்.

இதில் க் மிகாது. ஏற்று என்னும் வினைப்பகுதியோடு கட்டு சேர்ந்த வினைத்தொகை, ஊறுகாய், குடிநீர் போல. க் போட்டு ‘ஏற்றுக்கட்டு’ என்று எழுதினால் ‘ஏற்றுக்கொள்’ என்பதில் உள்ள ஏற்று ஆகிவிடும், அது ஒப்புக்கொள்வது. ஆசிரியர் ஐயா இதைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். தவறென்றால் ‘ஏற்றிக்கட்டல்’ என்று மாற்றிக்கொள்கிறேன்.

இந்தச் சொல்லில் எனக்கு இன்னொரு பிடிப்பும் உண்டு. வெளியே வந்த குடலைக் கையால் உள்ளே அனுப்புவதை நோயாளிகள் “ஏத்தி விட்டேன்” என்றே சொல்வார்கள். ஒருமுறை குடல் வீங்கி உள்ளே போகாமல் ஒருவர் வந்தார். டாக்டர் வீட்டுச் சர்க்கரையைக் கொண்டுவரச் சொல்லி அதன் மேல் தூவினார். சர்க்கரை நீரை இழுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் வீக்கம் வற்றி, ஈரத்துணி வைத்து மெல்ல அழுத்தியதும் உள்ளே போய்விட்டது. “ஏத்தி விட்டாச்சு, ஆனா மறுபடி வரும். நிரந்தரமா நிக்கணும்னா ஏத்திக் கட்டணும்” என்று நான் சொன்னபோது, அவர் மனைவி வேறு விளக்கமே கேட்கவில்லை. நான் பத்து நிமிடம் படம் போட்டுக் காட்டுவது அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது. ஏற்றிவிடுதல் தற்காலிகம், ஏற்றுகட்டு நிரந்தரத்துக்கான முயற்சி. தாளிலும் இப்படியே வைக்கிறேன்.

உட்பிரிவுகளை இதோடு சேர்த்துக்கொள்ளலாம். தையல் மட்டும் போட்டால் தையல் ஏற்றுகட்டு. ரிப்ஸ்டீன் 1952இல் குடலின் முன்னால் பட்டை சுற்றி எலும்போடு பிடித்தார், வெல்ஸ் 1959இல் குடலுக்குப் பின்னால் பஞ்சுப்பொருள் வைத்துப் பிடித்தார். அதற்கெல்லாம் பட்டை ஏற்றுகட்டு, பின்பக்க ஏற்றுகட்டு என்றால் போதும். இப்போது பரவலாகச் செய்வது பெல்ஜியத்தின் அறுவை மருத்துவர் டோர் 2004இல் எழுதிய முறை. சின்னத் துளைகள் வழியாகப் போய், குடலின் முன்பக்கம் மட்டும் வலை வைத்து மேலே பிடிப்பது: முன்பக்க வலை ஏற்றுகட்டு. ‘முன்பக்க’ என்பதை யாரும் நீளம் கருதி வெட்டிவிட வேண்டாம். குடலின் பின்னாலும் பக்கத்திலும் உள்ள நரம்புகளைத் தொடாமல் விடுவதுதான் இந்த முறையின் பயனே. பழைய முறைகளில் குடல் சரியாகிவிட்டாலும் மலச்சிக்கல் புதிதாக வந்து சிலர் தவித்தார்கள். ஏற்கெனவே மலச்சிக்கலும் நீண்ட பெருங்குடலும் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் குடலை வெட்டியெடுத்துவிட்டு ஏற்றிக் கட்டுவதும் உண்டு. அது எடுப்பு-ஏற்றுகட்டு.

வயிற்றைத் தொடாமல் ஆசனவாய்ப் பக்கமிருந்தே செய்வது இன்னொரு குடும்பம். ‘கவட்டு வழி’ என்று ஒருவர் தந்திருந்தார். பொருள் சரி, ஆனால் அறுபது எழுபது வயதுப் பெண்ணிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ‘அடிவழி’, ‘வயிற்றுவழி’ என்று வைத்துக்கொள்வோம். முழு மயக்கம் தாங்காத வயதானவர்களுக்குப் பெரும்பாலும் அடிவழியையே சொல்வார்கள், முதுகில் ஊசி போட்டே செய்துவிடலாம் என்பதால். அடிவழியில் நோய் திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல் என்பது பலரது அனுபவம். பிரிட்டனில் 293 பேரை வைத்துச் செய்து 2013இல் வெளியான ஆய்வில் அப்படித் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஆகவே தாளில் ‘இதுதான் சிறந்தது’ என்று எந்தப் பெயரிலும் தொனிக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். ‘எளிய முறை’, ‘முழுமுறை’ என்ற பரிந்துரைகளை நான் எடுக்காதது அதனால்தான்.

அடிவழியில் முதலாவது, பிரெஞ்சு ராணுவ மருத்துவர் டெலோர்ம் 1900இல் சொன்னது. வெளியே வந்த குடலின் மேல் உள்ள சளிச்சவ்வை மட்டும் உரித்துவிட்டு, அடியில் இருக்கும் தசையை மடிப்பு மடிப்பாகச் சேர்த்துத் தைத்து உள்ளே விடுவார்கள். மடிப்புத் தையல், சுருக்குத் தையல் என்றெல்லாம் வந்திருக்கிறது. நான் ‘கொசுவத் தையல்’ என்கிறேன். தியேட்டரில் முதன்முதலாக இதைப் பார்த்தபோது, டாக்டர் நூலை இழுக்க இழுக்கத் தசை ஒரே அளவாக அடுக்கி வந்ததைக் கண்டு எனக்குச் சேலைக் கொசுவம்தான் நினைவுக்கு வந்தது. கேட்கிற பெண்களுக்கும் உடனே புரியும். ஆண்களும் வேட்டியில் கொசுவம் வைத்தவர்கள்தான்.

இரண்டாவது, ஆல்ட்மையர் பெயரில் அறியப்படுவது. வெளியே வந்த குடலை முழு கனத்தோடு வெட்டியெடுத்து இணைத்துத் தைப்பது. அடிவழிக் குடலெடுப்பு. இதில் விவாதத்துக்கு ஒன்றுமில்லை.

மூன்றாவது, 1891இல் டியர்ஷ் செய்தது. ஆசனவாயைச் சுற்றித் தோலுக்கடியில் வெள்ளிக்கம்பி போட்டு வாயைச் சிறிதாக்குவது. இன்று அரிதாகவே செய்கிறார்கள். சுருக்குப்பையின் நாடா மாதிரி என்பதால் ‘சுருக்கு வளையம்’ சரியாக இருக்கும் என்று நினைத்தேன். சித்த மருத்துவத்தின் 21 மூல வகைகளில் சுருக்குமூலம் என்று ஒன்று இருப்பதை அக்கா ஒருவர் சுட்டிக்காட்டினார். நன்றி அக்கா. ‘சுற்றுவளையம்’ என்று மாற்றிவிட்டேன்.

குழந்தைகளுக்குத் தனிப் பத்தி ஒன்று எழுதியிருக்கிறேன். மலச்சிக்கல், பேதி, குடற்புழு, சத்துக்குறைவு இவற்றைச் சரிசெய்தாலே பெரும்பாலான பிள்ளைகளுக்கு நின்றுவிடும், ஆபரேஷன் தேவைப்படுவது குறைவு. அங்கே கலைச்சொல்லே வேண்டாம்.

கடைசியாக ஒரு சொல்லுக்கு மட்டும் உங்கள் உதவி வேண்டும். மலத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் தானாகப் போய்விடுவது. பல அகராதிகளில் ‘அடக்கமின்மை’ என்ற மாதிரிச் சொல்தான் இருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கு இது குறையும், எல்லாருக்கும் முழுதாகச் சரியாகாது என்று தாளில் கட்டாயம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் அடக்கமில்லாதவள் என்றால் நம் ஊரில் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். வெட்கத்தால் எட்டு மாதம் யாரிடமும் வாய் திறக்காத ஒரு பெண்ணின் தாளில் அந்தச் சொல் இருக்கக் கூடாது. ‘மலம் நில்லாமை’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். “தெரியாமப் போயிருது” என்பதுதான் அவர்கள் சொல்வது. அதிலிருந்து இதைவிட நல்ல சொல் ஒன்று பிறக்குமானால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்கட்கிழமை தாளை அச்சுக்குக் கொடுக்கிறேன்.